944 டர்போ: தெருவுக்கும் ட்ராக்குக்கும் ஒரே வண்டி, பெரிய டர்போ தேவையா?

கேள்வி, 9 பிப்ரவரி 2023

அண்ணா, போர்ஷே 944 டர்போ வாங்கிவிட்டேன். 1989 மாடல், 250 குதிரைத்திறன், ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு பெரியவர் வைத்திருந்தது. ஊருக்குள் ஓட்டவும் வேண்டும், ஹாக்கன்ஹைம் ரேஸ் ட்ராக்குக்கும் நூர்பர்க்ரிங்கின் நீண்ட மலைச்சுற்றான நோர்ட்ஷ்லைஃபேக்கும் எடுத்துப் போகவும் வேண்டும். இப்போது இருக்கும் கே26 டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று போட்டால் 350 வரும் என்கிறார்கள். முதலில் டர்போவை மாற்றிவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? உங்களிடமும் இதே வண்டிதானே, அதனால்தான் கேட்கிறேன்.

9 பிப்ரவரி, இரவு

வேண்டாம் தம்பி. டர்போவில் இப்போது கை வைக்காதே. 350 எடுப்பது இந்த எஞ்சினில் பெரிய வித்தையே இல்லை, பணம் கொடுத்தால் யாரும் செய்து தருவார்கள். அந்த 350-ஐ ஒரு ட்ராக் நாள் முழுக்கத் தாங்குவதுதான் விஷயம். முதலில் பெல்ட், அப்புறம் ஆயில், அப்புறம் பிரேக், அப்புறம் முன் சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்தும் ஆர்ம். இது நாலும் முடிந்த பிறகு டர்போவைப் பற்றிப் பேசலாம். அப்போதும் என் பதில் பெரும்பாலும் 'வேண்டாம்' என்றுதான் இருக்கும், ஏன் என்று தனியாக எழுதுகிறேன்.

வண்டியோடு பெரியவர் கொடுத்த பில்களை எடுத்து வைத்துக்கொண்டு பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பார். தேதியும் கிலோமீட்டரும் இரண்டுமே வேண்டும். பில் இல்லை, 'மாற்றியாச்சு' என்று வாயால் சொன்னார் என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். மோதினால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வால்வு எல்லாம் மாற்ற வேண்டும், அந்தச் செலவில் ஒரு நல்ல சஸ்பென்ஷனே வாங்கிவிடலாம்.

11 பிப்ரவரி

பெல்ட் இரண்டு உண்டு, ஒன்று அல்ல என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். ஆமாம். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டுக்கு ஒன்று (அதுதான் டைமிங் பெல்ட்), பேலன்ஸ் ஷாஃப்டுகளுக்கு ஒன்று. இரண்டரை லிட்டரை வெறும் நாலு சிலிண்டரில் வைத்தால் எஞ்சின் நடுங்கும். அதை அடக்கத்தான் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு தண்டுகளை வைத்தார்கள். அந்த உத்தியின் உரிமை மிட்சுபிஷியிடம் இருந்தது, போர்ஷே உரிமத்தொகை கட்டித்தான் பயன்படுத்தியது. ரேஸ் மட்டும் ஓடுகிறவர்கள் இந்தத் தண்டுகளின் பெல்ட்டைக் கழற்றிவிடுவது உண்டு. தெருவிலும் ஓடும் வண்டியில் அதைச் செய்யாதே. நடுக்கம் மெல்ல மெல்ல ஒவ்வொரு போல்ட்டாக லூஸ் ஆக்கும்.

பேலன்ஸ் பெல்ட் அறுந்தால் அதன் துண்டு போய் டைமிங் பெல்ட்டில் சிக்கவும் கூடும். அதனால் இரண்டையும் ஒன்றாகவே மாற்று, ரோலர்களையும் வாட்டர் பம்பையும் சேர்த்து. 1987 முதல் டைமிங் பெல்ட்டுக்கு ஸ்ப்ரிங் வைத்த டென்ஷனர் வந்துவிட்டது, உன் வண்டியில் அது இருக்கும். ஆனால் பேலன்ஸ் பெல்ட் கையால்தான். இறுக்கம் அதிகமானால் ஊளையிடும், குறைந்தால் பல் தாண்டும். அளவுக்கருவி இருக்கும் பட்டறைக்கே போ.

12 பிப்ரவரி

'944 எஞ்சின் என்பது போர்ஷேயின் பெரிய காரான 928-இன் வி8-ஐப் பாதியாக வெட்டியது' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. சிந்தனை அங்கிருந்துதான் வந்தது, சாய்த்து வைத்த அலுமினிய பிளாக் அந்தக் குடும்ப ஜாடைதான். ஆனால் இரண்டுக்கும் பொதுவான உதிரிபாகம் மிகச் சொற்பம். 928 ஒன்றை உடைத்து விற்கிறார்கள், எஞ்சின் பாகம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பிரேக் வேறு கதை. 944-இன் சிறப்புப் பதிப்பான 1988 டர்போ எஸ்-இல் இருக்கும் பெரிய பிரேக் 928 எஸ்4-இலிருந்து வந்ததுதான்.

26 பிப்ரவரி

சரி, ஆயில். இதை நிதானமாகப் படி.

இந்த எஞ்சினை ட்ராக்கில் ஓட்டுகிறவர்களிடம் 'இரண்டாம் நம்பர்' என்று சொன்னால் போதும், முகம் மாறும். இரண்டாவது சிலிண்டரின் கனெக்டிங் ராட் பேரிங், அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கம்பியின் பேரிங். நீண்ட வளைவில் வண்டி வேகமாகச் சாயும்போது ஆயில், சம்ப் என்ற அடித்தொட்டியின் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. அந்த நுரைத்த ஆயில் கிராங்கின் துளைகள் வழியாகப் போகும்போது முதலில் பட்டினி கிடப்பது இந்த இரண்டாவது பேரிங்தான். கண நேரம் போதும். ஒரு வளைவில் செத்துவிடாது, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அப்புறம் ஒரு நாள் நெடுஞ்சாலையில் சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும்போது 'டொக் டொக்' என்று சத்தம் கேட்கும். அதற்குள் கிராங்க் போயிருக்கும்.

செலவே இல்லாத மருந்து: ட்ராக்குக்குப் போகும்முன் ஆயில் அளவைக் கோலின் மேல் கோடு வரை நிரப்பு. ஓட்டம் முடிந்து வந்ததும் மறுபடி பார். 15டபிள்யூ-50 மாதிரி தடித்த ஆயில். ஆயில் சூடேறும் வரை மிதிக்காதே. அடுத்த படி, சம்ப்பைக் கழற்றித் தடுப்புத் தகடுகள் வைப்பது, ஆயில் உறிஞ்சும் குழாயின் வெல்டிங்கை வலுப்படுத்துவது, அப்படியே புது ராட் பேரிங் போடுவது. பேரிங் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் சம்ப்பை எடுக்க எஞ்சினை மேலே தொங்கவிட்டு, கீழே குறுக்குச் சட்டத்தை இறக்க வேண்டும், கூலிதான் அடிமடியில் கை வைக்கும். அதற்கும் மேலே போனால் அழுத்தத்தில் ஆயிலைச் சேமித்து வைத்து, பிரஷர் விழும்போது உள்ளே தள்ளும் தனி உருளை போடலாம். நான் அதைத்தான் போட்டிருக்கிறேன். டிரை சம்ப் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் முறை) வரை போவது தெரு வண்டிக்கு அதிகம்.

புதிதாக வாங்கிய வண்டியில் பழைய சொந்தக்காரர் எப்படி ஓட்டினார் என்று தெரியாது. பெரியவர் மெதுவாகத்தான் ஓட்டியிருப்பார் என்று நம்பாதே. என்னிடம் விற்ற பெரியவரும் பார்க்க சாதுவாகத்தான் இருந்தார், கதவுத் தட்டில் நோர்ட்ஷ்லைஃபே பழைய டிக்கெட்டுகள் கட்டாகக் கிடந்தன.

27 பிப்ரவரி

'பூஸ்ட் மீட்டர் 1.8 காட்டுகிறது, பயமாக இருக்கிறது' என்று கேட்டிருந்தாய். பயப்படாதே. பூஸ்ட் என்பது டர்போ எஞ்சினுக்குள் கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தம். இந்த வண்டியின் மீட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும். எஞ்சின் நிற்கும்போதே 1-இல்தான் நிற்கும், பார்த்துக்கொள். 1.8 என்றால் உண்மையான பூஸ்ட் 0.8 பார், உன் மாடலுக்குத் தொழிற்சாலை வைத்த அளவு அதுதான். பழைய 220 குதிரைத்திறன் வண்டியில் 0.75. ஆனால் உள்ளே கட்டிய அந்தச் சின்ன முள்ளை நம்பி பூஸ்ட் ஏற்றும் வேலை எதுவும் செய்யாதே, தனியாக நல்ல மீட்டர் ஒன்று வைத்துக்கொள். எரிபொருள்-காற்றுக் கலவை எவ்வளவு மெலிகிறது என்று பார்க்க வைட்பேண்ட் லாம்டா மீட்டரும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு வேறு சிப் போடுவது ஆழம் தெரியாமல் காலை விடுவது.

18 மார்ச்

வாக்களித்தபடி டர்போ பற்றி. நீளமாக வரும்.

இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் ஒரு பக்கம், டர்போ மறு பக்கம். எக்ஸாஸ்ட் வாயு வலது பக்கத்திலிருந்து ஒரு குழாய் வழியாக எஞ்சினைக் கடந்து, இடது பக்கம் இன்டேக்குக்குக் கீழே இருக்கும் டர்போவுக்கு வருகிறது. அந்தக் குழாய் முழுவதும் நிரம்பி அழுத்தம் ஏறிய பிறகுதான் டர்பைன் சுற்ற ஆரம்பிக்கும். அதனால்தான் 2,500 சுற்றுக்குக் கீழே இது எட்டுக்கு ஒன்று கம்ப்ரெஷன் கொண்ட மந்தமான இரண்டரை லிட்டர் எஞ்சின், அவ்வளவுதான். 220 வண்டி 330 நியூட்டன் மீட்டரை 3,500-இல் கொடுத்தது. 250 வண்டி கொஞ்சம் பெரிய டர்பைன் ஹவுசிங்கோடு 350-ஐ 4,000-இல் கொடுத்தது. பார், தொழிற்சாலையே 30 குதிரை கூட்டுவதற்கு 500 சுற்று விலை கொடுத்திருக்கிறது. நீ 350 குதிரை கேட்டால் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும்?

பழைய பாணிப் பெரிய டர்போவில் பூஸ்ட் 4,000-ஐத் தாண்டித்தான் வரும். சிவப்புக் கோடு 6,500 பக்கம். மிஞ்சுவது 2,500 சுற்றுதான். ஹாக்கன்ஹைமில் பரபோலிகா மாதிரி நீண்ட இடத்தில் அருமையாக இருக்கும், ஆனால் அது முடிந்து ஷ்பிட்ஸ்கேர கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் வெளியே வரும்போது ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது, திடீரென்று எல்லாம் ஒன்றாக வரும். நனைந்த தரையில் அது எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. ஊருக்குள் அதைவிட மோசம், சிக்னலில் பக்கத்து டீசல் வேன் உன்னைத் தாண்டிப் போகும்.

என் வண்டியில் இருப்பது அதே கே26-தான். எரிபொருள் அழுத்தத்துக்கு 3 பார் ரெகுலேட்டர், அதற்கேற்ற சிப், இரண்டு வாய் உள்ள வேஸ்ட்கேட் (அதிகப்படி எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனைத் தவிர்த்து வெளியே விடும் வால்வு), பூஸ்ட் 1 பார் பக்கம். திறன் அளக்கும் டைனோவில் 280 குதிரையைத் தொட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வேஸ்ட்கேட்தான். பழைய வேஸ்ட்கேட்டில் ஸ்ப்ரிங் தளர்ந்துவிடும், எக்ஸாஸ்ட் அழுத்தமே அதைத் திறந்துவிடும், பூஸ்ட் ஏறும் வழியிலேயே கசியும். இரண்டு வாய் உள்ளதில் வால்வை மேலிருந்தும் அழுத்திப் பிடிக்கலாம். உச்ச எண் பெரிதாக மாறாது, ஆனால் பூஸ்ட் சீக்கிரம் வரும். தெருவில் உனக்கு வேண்டியது அந்தச் 'சீக்கிரம்'தான்.

19 மார்ச்

நேற்று எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். பால் பேரிங் வைத்த நவீன டர்போக்களைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நியாயம். அளவாகத் தேர்ந்தெடுத்தால் கே26-ஐவிடச் சீக்கிரம் எழும், மேலேயும் அதிகம் தரும், அதை மறுக்க மாட்டேன். நேற்று நான் பேசியது பழைய பாணிப் பெரிய டர்போவைப் பற்றி. நவீன டர்போ என்றால் என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது: ஹெட் கேஸ்கெட், கிளட்ச், அப்புறம் வண்டியின் பத்திரங்கள். மூன்றாவதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு அதுதான் முக்கியம்.

இன்னொன்று. பூஸ்ட் மெதுவாக வருகிறது என்று டர்போவைக் குறை சொல்லும் முன் கசிவைப் பாருங்கள். முப்பது வயதைத் தாண்டிய ரப்பர் குழாய்கள், அந்தக் கடக்கும் குழாயின் கேஸ்கெட், வேஸ்ட்கேட் டயஃப்ரம். எனக்குத் தெரிந்த ஒருவர் புது டர்போ வாங்கி வைத்துவிட்டு, பொருத்தும் முன் வெற்றிடக் குழாய்களை எல்லாம் மாற்றினார். வண்டி எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டது, புது டர்போ இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

2 ஏப்ரல்

ஹெச் நம்பர் பிளேட் விஷயம். முதல் பதிவிலிருந்து முப்பது ஆண்டு ஆன, அசல் நிலையில் நன்றாகப் பேணப்பட்ட வண்டிக்கு ஜெர்மனியில் பழம்பெரும் வாகனம் என்ற அந்தஸ்து கிடைக்கும். வரி ஆண்டுக்கு 191.73 யூரோ, எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் அதேதான். புகைக் கட்டுப்பாட்டு மண்டலங்களுக்குள்ளும் போகலாம். ஆனால் ஆய்வாளர் வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவர் பார்ப்பது மாற்றங்கள் அந்தக் காலத்துக்கு உரியவையா என்பதை. பொதுவாக வண்டியின் முதல் பத்து ஆண்டுக்குள் வழக்கத்தில் இருந்த மாற்றங்கள் என்றால் பேசலாம்.

இதை வைத்துக் கணக்குப் போடு. உன் வண்டி 1989. 1992-இல் வந்த 968-இன் 17 அங்குலச் சக்கரங்கள் பத்து ஆண்டுக்குள் வந்துவிடுகின்றன, அழகாகவும் இருக்கும், நல்ல டயரும் சுலபமாகக் கிடைக்கும். டர்போ எஸ்-இன் எம்030 ஸ்போர்ட் சஸ்பென்ஷன், அந்தக் காலக் கோனி டாம்பர் (அதிர்வு அடக்கி), 928-இன் பிரேக் எல்லாம் சரி. நேற்று வந்த டர்போ, தனி எஞ்சின் கம்ப்யூட்டர் என்றால் ஆய்வாளர் தலையை ஆட்டமாட்டார். பத்திரத்தில் ஏறாத மாற்றத்தோடு ஓட்டினால் வண்டியின் சாலை அனுமதியே இல்லாமல் போகும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். எதைச் செய்தாலும் பொருத்தும் முன்பே ஆய்வாளரிடம் போய்ப் பேசு, பொருத்திய பிறகு அல்ல. நல்ல ஆய்வாளர்கள் இந்த வண்டிகளை நேசிப்பவர்கள், முன்கூட்டிக் கேட்டால் வழி சொல்வார்கள்.

30 ஏப்ரல்

முன் சக்கர ஆர்ம்கள். இந்த வண்டிகளில் அவை அலுமினியம். முனையில் இருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும். வண்டியைத் தாழ்த்தினால் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும், பால் ஜாயின்டின் பின் அதன் எல்லைக்கே போய் இடிக்கும். பள்ளத்தில் விழும்போது அந்தப் பின் வளையும், ஒரு நாள் முறியும். முறிந்தால் சக்கரம் படுத்துவிடும், அது நோர்ட்ஷ்லைஃபேயின் ஃபுக்ஸ்ரோர இறக்கத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று எழுத விரும்பவில்லை. தாழ்த்துவது என்றால் கொஞ்சமாகத் தாழ்த்து, அதற்கென்றே செய்யப்பட்ட ஆர்ம் போடு. 'இருபது வருஷமாகத் தாழ்த்தித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த ஆர்மின் வயது என்ன என்று அவரைக் கேட்கிறேன், சண்டைக்கு அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ள. தயவுசெய்து இந்த வாரமே ஒரு லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்.

மே மாதம், ஒரு நாள்

இன்று நோர்ட்ஷ்லைஃபேயில் இருந்தேன், பொதுமக்கள் ஓட்டம். 20.8 கிலோமீட்டர், ஒரு மூலையில் வெயில், ஆடனாவ் பக்கம் ஈரம், ஐஃபல் மலை அப்படித்தான். வீட்டுக்கு வந்து கை கழுவியதும் எழுதுகிறேன்.

பெர்க்வெர்க் வலது வளைவை முடித்துக் கெஸ்ஸல்ஷன் ஏற்றத்தில் வண்டி ஏறும்போது, மூன்றாவது கியரிலிருந்து நாலாவது, பூஸ்ட் மீட்டர் முள் 2-ஐத் தொட்டு அப்படியே நிற்கிறது, பின்னால் கியர்பாக்ஸின் எடை சக்கரங்களை அழுத்திப் பிடிக்கிறது. இந்தக் காரை நான் வைத்திருப்பதே அந்த ஏற்றத்துக்காகத்தான். எஞ்சின் முன்னே, கியர்பாக்ஸ் பின்னே, இரண்டையும் ஒரு குழாய்க்குள் ஓடும் தண்டு இணைக்கிறது, எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. 911 டர்போவில் போல வளைவு நடுவில் காலை எடுத்தால் பின்புறம் பழிவாங்காது. இது உனக்கு அவகாசம் தரும்.

வளைவில் ஓட்டும் முறை ஒன்று சொல்கிறேன். வழக்கமான எஞ்சினில் வளைவின் உள்விளிம்பைத் தொட்டதும் மிதிப்போம். இதில் அதற்குக் கொஞ்சம் முன்பே மெதுவாக மிதிக்கத் தொடங்க வேண்டும், அழுத்தம் சேர்ந்து பூஸ்ட் வரும் நேரத்தில் ஸ்டியரிங் நேராகிக்கொண்டிருக்க வேண்டும். தாமதத்தைக் கணக்கில் எடுத்து ஓட்டுவது. கே26-இல் அந்தத் தாமதம் கற்றுக்கொள்ளக்கூடிய அளவில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகிறது. பெரிய டர்போவுக்கு நான் 'வேண்டாம்' சொல்வதன் முழுக் காரணமும் இதுதான், குதிரைக் கணக்கு அல்ல.

மறுநாள்

நேற்று எழுத விட்டுப்போனது. அங்கே போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுமக்கள் ஓட்ட நேரத்தில் அது சுங்கச்சாலைதான், போக்குவரத்துச் சட்டம் அங்கேயும் பொருந்தும், இடது பக்கம் மட்டும்தான் முந்தலாம், ரேஸ் விடக் கூடாது. தடுப்பு வேலியை இடித்தால் வேலிக்கும் இழுவை வண்டிக்கும் நீதான் பணம் கட்ட வேண்டும். உன் காப்பீட்டுப் பத்திரத்தில் அந்த இடத்தை விலக்கியிருக்கிறார்களா என்று போகும் முன் படி. ஆயிலோ கூலன்ட்டோ கொட்டினால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் உயிர் போகும். குழாய்கள் வயதானவை என்று தெரிந்தும் அங்கே எடுத்துப் போவது தவறு, இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

9 ஜூலை

சஸ்பென்ஷன் பற்றி என் எண்ணம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பின்புறம் முறுகி ஸ்ப்ரிங் போல வேலை செய்யும் டார்ஷன் பார், முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், இதைத் தெரு வண்டியில் அப்படியே விட்டுவிடலாம், நல்ல டாம்பர் போட்டால் போதும் என்றுதான் பல காலம் சொல்லி வந்தேன். போன வாரம் நண்பர் ஒருவரின் 944-ஐ ஓட்டினேன், நாலு பக்கமும் காயில்ஓவர் (டாம்பரைச் சுற்றியே ஸ்ப்ரிங் இருக்கும்), ஆனால் ஸ்ப்ரிங் அவ்வளவு கடினம் இல்லை. மோசமான கிராமத்துச் சாலையில் என் வண்டியைவிட நிதானமாகப் போனது. டார்ஷன் பாரில் உயரத்தை மாற்ற வேண்டும் என்றால் பாரைக் கழற்றிப் பற்களை மாற்றி மறுபடி மாட்ட வேண்டும், ஒரு நாள் முழுக்கப் போகும். காயில்ஓவரில் நாலு மூலை எடையையும் ஒரு மதியத்தில் சமன் செய்யலாம். ஆகவே ட்ராக் பக்கம் சாய்ந்த வண்டிக்கு இப்போது நான் மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஹெச் பிளேட் பிரச்சினை மட்டும் அப்படியே நிற்கிறது, அதனால் என் வண்டியில் டார்ஷன் பார்தான் தொடரும்.

சக்கரக் கோணம் கேட்டவருக்கு: இரண்டுக்கும் ஓட்டுவதென்றால் முன்னே கேம்பர் (சக்கரம் உள்பக்கம் சாயும் கோணம்) மைனஸ் இரண்டு டிகிரிக்குப் பக்கம் வைத்துப் பார். அதற்கு மேல் போனால் ட்ராக்கில் பிரமாதம், நெடுஞ்சாலையில் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும்.

அதே நாள், மாலை

பிரேக்கைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். பிரெம்போ செய்த நாலு பிஸ்டன் காலிப்பர்கள் நாலு சக்கரத்திலும் உண்டு, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். சாதாரண டர்போவில் முன் டிஸ்க் 298 மி.மீ., எஸ்-இல் 304, தடிமனும் கூட. எதுவானாலும் முதல் வேலை புது திரவம். கொதிநிலை அதிகமான டாட் 4 போட்டு, ட்ராக்குக்குப் போகும் வண்டியில் வருஷம் தவறாமல் மாற்று. ஷ்பிட்ஸ்கேரவுக்கு முழு வேகத்தில் வந்து மிதிக்கும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகக் கூடாது. அடுத்தது பேட், அதற்கடுத்தது காற்றுக் குழாய். பெரிய பிரேக் கிட் கடைசி.

17 செப்டம்பர்

நம் தம்பியின் வண்டி திடீரென்று நின்றுவிட்டதாம், எரிபொருள் பம்ப் சத்தமே இல்லையாம், இழுத்துப் போய்ப் பட்டறையில் விட்டிருக்கிறார், பம்ப் மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். தம்பி, அவர்களை நிறுத்தச் சொல். முதலில் டிஎம்இ ரிலேவை மாற்றிப் பார். எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது, உள்ளே இருக்கும் ஈயப்பற்று காலப்போக்கில் வெடிக்கும், சூடானால் விட்டுப்போகும், ஆறினால் மறுபடி வேலை செய்யும். இந்த வண்டி வைத்திருக்கும் எல்லோரும் ஒரு புது ரிலேவைக் கையுறைப் பெட்டியில் வைத்திருப்பார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் கியர்பாக்ஸ் பக்கம் அல்ல, எஞ்சினின் பின்பக்கம் கிளட்ச் ஹவுசிங்கின் மேல் இரண்டு சென்சார் இருக்கும், வேகத்துக்கு ஒன்று, பற்றவைப்புக் குறிக்கு ஒன்று. அவற்றின் இணைப்பான்கள் வெப்பத்தில் தூளாகிவிடும்.

18 செப்டம்பர்

ரிலேதான். நல்லது, பம்ப் காசு மிச்சம். அந்தக் காசை ராட் பேரிங்குக்கு வை.

5 நவம்பர்

தம்பி எழுதியிருக்கிறார்: சம்ப் இறக்கிப் பார்த்தார்களாம், இரண்டாவது பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிய ஆரம்பித்திருந்ததாம், கிராங்க் நன்றாக இருக்கிறதாம், புது பேரிங், தடுப்புத் தகடு எல்லாம் போட்டாயிற்றாம். இதைப் படித்ததும் எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. இன்னும் ஒரு ட்ராக் சீசன் அப்படியே ஓடியிருந்தால் அந்த எஞ்சின் இருந்திருக்காது, பெரிய டர்போவும் சேர்த்து வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

அவருடைய புதுக் கேள்வி கிளட்ச். ரிவர்ஸ் போடும்போது ஏதோ தளர்ந்த மாதிரி ஒரு தட்டல் கேட்கிறதாம். அசல் கிளட்ச் தட்டின் நடுவில் ரப்பர் உண்டு, சொகுசுக்காக வைத்தது. வயதானால் அந்த ரப்பர் கிழியும், தட்டல் முதல் அறிகுறி. ஒரு கட்டத்தில் முழுவதும் பிய்ந்துவிட்டால் வண்டி நகராது. மாற்றும்போது ஸ்ப்ரிங் நடுவம் கொண்ட தட்டு போடு. இதற்கு எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ், நடுக்குழாய் எல்லாம் கழற்ற வேண்டியிருப்பதால், கழற்றியது கழற்றியபடி இருக்கும்போதே அந்த இரண்டு சென்சார்களையும் நடுக்குழாய் பேரிங்கையும் கிராங்கின் பின்சீலையும் புதிதாகப் போட்டுவிடு. குளிர்காலம்தான் இதற்குச் சரியான நேரம், நோர்ட்ஷ்லைஃபே மார்ச் வரை எப்படியும் திறக்காது. பட்டறையில் தேதி கிடைத்தால் சொல், சென்சார்களின் இடைவெளி அளந்து வைக்கும் கருவி என்னிடம் இருக்கிறது, கொண்டு வந்து தருகிறேன்.